ஓய்வறை என்று எழுதிய கதவு

மங்கலத்தில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். நல்ல வெயில். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் முழுவதையும் குடித்துவிட்டு, "நீங்களும் குடிங்கக்கா" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை நெறையாக் குடிச்சுக்குவனுங்க மேடம். கம்பெனி நாள்ல குடிக்கறதில்லீங்க. குடிச்சாப் போகோணுமல்லங்க" என்றார்.

கம்பெனியில் கழிப்பறை இல்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்குதுங்க. டைல்ஸ் போட்டு நல்லாத்தானுங்க இருக்குது. கதவுல ஓய்வறைன்னு எழுதிக்கூட வெச்சிருக்கறாங்க. எந்திரிச்சுப் போறதுதானுங்க கஷ்டம்."

தமிழ் படித்தவளுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதற்கு உரை எழுதத் தோன்றும். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் எழுதும் உரை.

முதலில் சொல். ஊரில் 'வெளிய போறது' என்போம், 'ஒண்ணுக்கு' என்போம். பள்ளிக்கூடம் 'கழிப்பறை' என்று கற்றுக்கொடுத்தது. பிறகு ஆங்கிலத்தின் 'ரெஸ்ட் ரூம்' தமிழ் உடுத்திக்கொண்டு 'ஓய்வறை' ஆயிற்று. நாகரிகமான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். கழிப்பறை 19ஆம் பிரிவில் வருகிறது. ஓய்வறை 47ஆம் பிரிவில் வருகிறது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர்கள் உட்கார்ந்து இளைப்பாறவும், கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடவும் தனி இடம், குடிநீரோடு, இருக்க வேண்டும் என்றது அது. அதாவது ஓய்வறை என்றால் ஓய்வெடுக்கும் அறை. கழிப்பறைக் கதவில் அந்தப் பெயரை எழுதியபோது, உண்மையான ஓய்வறையைக் கேட்பதற்கான சொல்லை நாம் தொலைத்துவிட்டோம்.

'கழி' என்ற பழைய வினைக்கு இதைவிட நேர்மை அதிகம். பொழுதைக் கழிக்கிறோம். சிறுநீர் கழிக்கிறோம். கணக்கிலும் கழிக்கிறோம். காலமும் உடலும் கூலியும் ஒரே வினைக்குள் நிற்கின்றன. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவள் கூலியில் கழிகிறது. ஷிப்ட் கூலிக்காரி எழுந்தால் லைனின் உற்பத்திக் கணக்கில் கழிகிறது. சூப்பர்வைசரின் குரல் உயர்கிறது. ஆகவே கழிப்பறையைச் சுவரும் டைல்ஸுமாக மட்டும் பார்க்கிற எந்தப் பேச்சும் பாதிப் பேச்சுதான். மீதிப் பாதி கடிகாரத்தில் இருக்கிறது.

சட்டத்தை இன்னும் கொஞ்சம் வாசிப்போம். 19ஆம் பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மூடிய, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடம் கேட்டது. 250 பேருக்கு மேல் இருந்தால் தரையும், 90 சென்டிமீட்டர் உயரம் வரை உட்சுவரும் வழவழப்பாக, நீர் ஊறாததாக இருக்க வேண்டும் என்றது. அளவு பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள இன்னொரு நிபந்தனை: தொழிற்சாலையில் இருக்கும் எந்நேரமும் தொழிலாளி அங்கே போக முடிய வேண்டும். எந்நேரமும். இடைவேளையில் மட்டும் என்றோ, அட்டை வாங்கிக்கொண்டு என்றோ அதில் இல்லை. 90 சென்டிமீட்டரை ஆய்வாளர் டேப் வைத்து அளந்துவிடலாம். 'எந்நேரமும்' என்ற சொல்லை அளக்க எந்த டேப்பும் அவரிடம் இல்லை. அதனால்தான் டைல்ஸ் வந்தது, நேரம் வரவில்லை.

விதிகளின்படி 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை. 15 நிமிட டீ இடைவேளையில் 25 பேரும் போக வேண்டுமென்றால் ஆளுக்கு 36 வினாடி. பாவாடை நாடாவை அவிழ்த்து முடிவதற்குள் அது ஓடிவிடும். மாதவிலக்கு நாளில் நாப்கின் மாற்றி, பழையதைச் சுற்றிப் போட்டு, கை கழுவி வர 36 வினாடி! இதில் டீ எப்போது குடிப்பது? ஆண்களில் முதல் 100 பேருக்கும் இதே விகிதம்தான். ஆனால் நின்றபடி சிறுநீர் கழிக்கும் இடங்கள் அவர்களுக்குத் தனியாக உண்டு. உடை, மாதவிலக்கு, கர்ப்பம் என்று அதிக நேரம் தேவைப்படும் உடலுக்கு விதி குறைந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறது. சமமாகப் பங்கிட்டதுபோலத் தோற்றம் தரும் இந்தக் கணக்கைப் போட்டவர் எந்த உடலை மனத்தில் வைத்திருந்தார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

கணக்கு உடலுக்குப் பொருந்தாதபோது உடலைக் கணக்குக்குப் பொருத்துகிறார்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கு, பெயர் ஒட்டாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வலிக்கிற பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் லைன் நிற்கும். மாத்திரை கொடுத்தால் ஓடும். 47ஆம் பிரிவின் ஓய்வறை போய்ச் சேர்ந்த இடம் அந்த மாத்திரை அட்டை என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவும் சட்டம் எட்டும் இடங்களின் கதை. மங்கலத்தின் பல விசைத்தறிக் கூடங்களில் நான்கைந்து பேர்தான் வேலை செய்வார்கள். மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கியது. அதே தொகுப்பு ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று முதன்முறையாகச் சொன்னதை வரவேற்கலாம். ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வரிசை நீண்டுவிட்டது. கூடத்தில் தார் சுற்றும் பெண் பக்கத்து வீட்டையோ, இருட்டையோ நம்பியிருக்கிறாள்.

இனி நம் கலைகளைக் கேட்போம். கழிப்பறையை மையத்தில் வைத்த தமிழ்ப்படம் ராஜுமுருகனின் 'ஜோக்கர்' (2016). கழிப்பறை உள்ள வீட்டுக்குத்தான் மருமகளாகப் போவேன் என்கிறாள் மல்லிகா. அரசுத் திட்டத்தின் ஊழல் அந்தக் கழிப்பறையை ஒப்புக்குக் கட்டுகிறது. அது இடிந்து அவள் மேலேயே விழுகிறது. கோபமான, நேர்மையான படம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கேட்டவள் மல்லிகா. கேட்ட பிறகு நினைவிழந்து படுத்துவிடுகிறாள். அவள் கோரிக்கையை எடுத்துக்கொண்டு மன்னர் மன்னன் பேசுகிறான், போராடுகிறான், நீதிமன்றம் போகிறான். பெண்ணின் தேவை ஆணின் அரசியலாக மாறுவதற்கு அவள் வாய் மூடியிருக்க வேண்டியிருக்கிறது. தவிர, அந்தக் கழிப்பறை வீட்டோடு சேர்ந்தது; கல்யாணத்தோடு, மானத்தோடு சேர்ந்தது. அரசு விளம்பரங்களும் இதே மொழியில்தான் பேசுகின்றன: வீட்டுப் பெண்ணின் மானம் காக்கக் கழிப்பறை கட்டுங்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பகல் முழுவதும் மானம் வேண்டாமா, அல்லது அவளுக்கு உடலே வேண்டாமா?

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) வேலையிடத்துக்குள் நுழைந்த படம். ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடையில் நின்றே தேயும் கால்களை அது காட்டியது. கழிப்பறையும் அதில் வருகிறது. பிழைக்க வழியில்லாத ஒருவன் நாறிக்கிடக்கும் பொதுக்கழிப்பறையைத் தேய்த்துக் கழுவி, வாசலில் உட்கார்ந்து காசு வாங்கத் தொடங்குகிறான். அந்த நகரத்தில் எதுவும் பிழைப்பாகும் என்பதற்கு அழகான காட்சி. கனியின் தங்கை வயதுக்கு வருவதும் படத்தில் இருக்கிறது. ஆனால் கனி அந்தக் கடைத்தளத்தில் தன் மாதவிலக்கு நாட்களை எப்படிக் கடந்தாள், எத்தனை மணிக்கு யாரிடம் கேட்டுக்கொண்டு எழுந்து போனாள் என்பது படத்தின் கேள்வி ஆகவில்லை.

சினிமாவைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை என் தலைமுறை மறக்காது. உடலை எழுதும் உரிமைக்காக வசை வாங்கிக்கொண்டே எழுதினோம். முலை, யோனி, கருப்பை, உதிரம் எல்லாவற்றுக்கும் கவிதையில் இடம் பிடித்தோம். என் தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். மூத்திரப்பை ஒருமுறைகூட வரவில்லை. அதில் காமமும் இல்லை, தாய்மையும் இல்லை. எழுத ஏதுமில்லை என்று நினைத்திருக்கிறேன். வேலை செய்யும் பெண்ணின் உடலில் காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பு அதுதான் என்பது, ஒன்றரை ஷிப்ட் பார்க்காத எனக்கு உறைக்கவில்லை.

நம் கலையும் கவிதையும் பேசாதுவிட்ட இந்த இடத்துக்கு இப்போது புதிய மொழி ஒன்று வந்திருக்கிறது: பசுமைக் கட்டிடம். வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் கேட்பதால் கம்பெனிகள் 'லீட்' போன்ற சான்றிதழ்களைச் சுவரில் மாட்டுகின்றன. அப்படியொரு கம்பெனிக்கு மாணவிகளோடு போயிருந்தேன். இயற்கை வெளிச்சம், காற்றோட்டம், பளிச்சென்ற கழிப்பறை, குறைந்த நீரில் கழுவும் தொட்டி. எல்லாம் நல்லவைதான், வெக்கையிலும் பஞ்சுத்தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் சூப்பர்வைசர் மேசையில் ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. முப்பது பேர் கொண்ட லைனுக்கு அந்த ஒரே அட்டை. அதை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் எழலாம்.

இந்தச் சான்றிதழ் நீர்ச் சேமிப்பை எப்படிக் கணக்கிடுகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 'லீட்' கணக்கில், முழுநேர வேலை பார்க்கும் பெண் 8 மணி நேரத்தில் 3 முறை கழிப்பறைக்குப் போவார் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி ஒன்றரை ஷிப்ட்டான 12 மணி நேரத்துக்கு நான்கைந்து முறை ஆகிறது. மங்கலத்து அக்காவைக் கேட்டேன். "ரெண்டு வாட்டிங்க. சில நாளு ஒரு வாட்டி." அப்படியானால் தண்ணீர் மீட்டரில் குறையும் அளவில் தொட்டியின் திறமை எவ்வளவு, இவருடைய தாகம் எவ்வளவு?

திருப்பூருக்குத் தண்ணீரை அளக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. நொய்யலைச் சாயம் கொன்றதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது. அதன் பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்றாயிற்று. எடுத்த நீர், மீட்ட நீர் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஆற்றுக்காக விவசாயிகள் வழக்காடிப் பெற்ற கணக்கு அது, மதிக்க வேண்டியது. துணிக்குள் போகும் நீரை இவ்வளவு நுட்பமாக அளக்கும் ஊரில், துணி தைப்பவளுக்குள் போகாத நீரை அளக்க ஆளில்லை. அந்தக் கணக்கு அவள் சிறுநீர்ப் பாதை எரிச்சலிலும், சிறுநீரகக் கல்லிலும், மருத்துவர் சீட்டிலும் தனித்தனியாக எழுதப்படுகிறது. தனித்தனியாக இருப்பதால் அது தொழிற்பிரச்சினை ஆவதில்லை. 'பொம்பளைங்க பிரச்சினை' ஆகிவிடுகிறது.

இதை உடைத்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டினார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி, அவர்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' அமைப்பை உருவாக்கினார். அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று மூத்திரப்புரை. வெட்கம் என்று மூடிவைத்திருந்ததை வீதியில் வைத்துப் பேசினார்கள். கழிப்பறையிலிருந்து தொடங்கிய பேச்சு உட்காரும் உரிமைக்கு நகர்ந்தது. 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. இங்கே நாற்காலி மேலிருந்து சட்டமாக வந்தது. அங்கே கீழிருந்து குரலாக வந்தது. மல்லிகா படுத்துவிடாமல் எழுந்து தானே பேசினால் என்ன நடக்கும் என்பதற்குக் கோழிக்கோடு ஒரு பதில்.

மங்கலத்து அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். துப்பட்டாவும் பையும் மாட்ட ஒரு கொக்கி. நாப்கின் போட மூடியுள்ள கூடை, உள்ளேயே. லைனுக்குப் பக்கத்தில் இடம். கடைசியாக, "நா எந்திரிச்சா என்ற எடத்துல உக்கார ஒரு ஆளுங்க." எந்தக் கட்டிட வரைபடத்திலும் இல்லாதது அந்தக் கடைசிக் கோரிக்கை. லைனுக்கு ஒரு மாற்று ஆள். ஒரு கூலிச் செலவு. 'எந்நேரமும்' என்ற சட்டச் சொல்லுக்கு நடைமுறையில் அதுதான் பொருள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்பெனியில் கழிப்பறையைக் கழுவும் பெண், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். மேலே 'ஓய்வறை' என்ற பலகை. கொங்குப் பகுதியில் இந்த வேலைக்கு எந்தச் சாதிப் பெண்களைத் தேடிப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சுகாதாரமான கழிப்பறை வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அவருக்குக் கையுறையும் நியாயமான கூலியும் உட்கார நாற்காலியும் சேர்த்துக் கேட்காவிட்டால், நம் சுத்தத்தை இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றியவர்கள் ஆவோம்.

மாணவிகளே, படிப்பு முடிந்து உங்களில் சிலர் இதே கம்பெனிகளில் மனிதவளப் பிரிவிலோ, தணிக்கையிலோ, வடிவமைப்பிலோ உட்காரப் போகிறீர்கள். சான்றிதழைப் பாருங்கள், டைல்ஸையும் பாருங்கள். பிறகு சாயங்காலம் ஒருமுறை லைனுக்குள் நடந்து, மெஷினுக்குக் கீழே வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். காலையில் நிரப்பிய அளவிலேயே அவை நின்றால், அந்தக் கட்டிடத்தைப் பற்றி எழுத வேண்டிய அறிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள்.