சிரிக்கும் ஈக்குவலைசரும் சிதம்பரம் ஜெயராமனும்

பழைய பாட்டு, புதிய மெருகு. இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான். 1950களின் பாடலை எடுக்கிறார்கள். இரைச்சலைத் துடைத்து, அடியில் கொஞ்சம் 'தும் தும்' சேர்த்து, மேலே கொஞ்சம் பளபளப்பு ஏற்றிவிடுகிறார்கள். முதல் தடவை கேட்டால் "அட, நேத்து ரெக்கார்ட் பண்ணின மாதிரி இருக்கே" என்றுதான் தோன்றும். மூன்றாவது தடவை எனக்கு எரிச்சல் வருகிறது. அதுவும் சி. எஸ். ஜெயராமன் பாட்டில் கை வைத்தால் ரொம்பவே வருகிறது.

எங்கள் பக்கத்து ஆள் என்பதால் வந்த பாசம் மட்டும் இல்லை. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிதம்பரம் கடலூரிலிருந்து ஒன்றேகால் மணி நேர பஸ் பயணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எரிச்சலுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அதை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் குரல். 'பராசக்தி' (1952), 'ரத்தக் கண்ணீர்' (1954), 'சம்பூர்ண ராமாயணம்' (1958), 'பாவை விளக்கு' (1960) என்று வரிசையாக அவர் பாடல்களைக் கேட்டால், இது வழவழப்பான குரல் இல்லை என்பது உடனே தெரியும். கொஞ்சம் மூக்கு, நிறைய தொண்டை, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் ஆணி அடித்த மாதிரி நிறுத்தும் உச்சரிப்பு. 'சம்பூர்ண ராமாயண'த்தில் ராவணனாக நடித்த டி. கே. பகவதிக்கு அவர் பாடும் ராகமாலிகையில், எந்த ராகத்துக்கு எது பொருத்தம் என்று சொல்லிக்கொண்டே பாட வேண்டும். பாட்டும் பாடமும் ஒன்றாக ஓடுகிற இடம் அது. சொல் புரியாவிட்டால் பாட்டே இல்லை.

சரி, இப்போது ஈக்குவலைசருக்கு வருவோம். ஃபோனிலோ கார் ஸ்டீரியோவிலோ பத்து ஸ்லைடர் வரிசையாக நிற்கும். 31 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 62, 125, 250 என்று இரட்டித்துக்கொண்டே 16 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஒரு ஸ்தாயி மேலே. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தூக்கி, நடுவை அமுக்கினால் சிரித்த வாய் மாதிரி ஒரு வளைவு வரும். மெருகேற்றுபவர்கள் பெரும்பாலும் விரும்புவது இந்தச் சிரிப்பைத்தான்.

ஸ்லைடர்கள் காட்டும் வளைவும், ஃபில்டர் பாட்டுக்கு உண்மையில் செய்வதும் ஒன்றல்ல. பாதிப் பேர் கவனிக்காத விஷயம் இது. ஒரு ஸ்லைடர் என்பது ஒரு மணி வடிவ ஃபில்டர். நடுவில் முழு ஏற்றம், இரண்டு பக்கமும் சரிவு. சரிவு எவ்வளவு அகலம் என்பதை 'கியூ' என்ற எண் சொல்லும். ஒரு ஸ்தாயி அகலத்துக்கு கியூ சுமார் 1.41. இந்த மணியின் சரிவு பக்கத்து ஸ்லைடரின் எல்லையோடு நின்றுவிடாது, உள்ளேயும் ஒழுகும். ஒரு பேண்டை 6 டெசிபல் தூக்கினால் ஒரு ஸ்தாயி தள்ளி நிற்கிற பேண்டிலும் 1.1 டெசிபல் ஏறும், இரண்டு ஸ்தாயி தள்ளி 0.2.

பத்தையும் ஒரே மட்டத்தில் +6-க்குத் தூக்கிப் பாருங்கள். திரையில் நேர்கோடு தெரியும். கணக்குப் போட்டால், நடு வரிசையில் இருக்கும் பேண்டின் மையத்தில் 8.8 டெசிபல், இரண்டு பேண்டுக்கு நடுவில் 7.2 டெசிபல். நேர்கோடும் இல்லை, ஆறும் இல்லை. நாம் கேட்டதைவிட அதிகமாக ஏறி, அதற்கு மேல் ஒரு அலையும் அடிக்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சனின் 'ஆடியோ ஈக்யூ குக்புக்' சூத்திரங்கள் தெரிந்திருக்கும். அவற்றை வைத்து இருபது வரியில் இதை நீங்களே வரைந்து பார்த்துவிடலாம். எல்லா ஈக்குவலைசரும் இந்த அச்சிலேயே வார்த்ததில்லை. ஒழுகலைக் கழித்துச் சரிசெய்கிறவையும் உண்டு. சாதாரண ஆப்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது ஒரு நடுத்தரமான சிரிப்பைப் போடுகிறேன், அதிகப்பிரசங்கித்தனம் எதுவும் இல்லாமல். 31-இலிருந்து வரிசையாக +6, +5, +3, 0, −2, −4, −2, 0, +4, +6. ஒழுகலையும் சேர்த்துக் கூட்டினால் 1 கிலோஹெர்ட்ஸில் கிடைப்பது −4.7, 2 கிலோவில் −2.6. மேலே 8 கிலோவில் +5, கீழே 50 ஹெர்ட்ஸில் +6. 50 ஹெர்ட்ஸை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அது நம் வீட்டுக் கரண்டின் அதிர்வெண். பழைய ஒலிப்பதிவில் 'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் ஹம் சத்தம் அங்கேயும் அதன் மடங்குகளிலும்தான் உட்கார்ந்திருக்கும். 1 கிலோ இறங்கி 50 ஏறினால் இரண்டுக்கும் இடையே 10.7 டெசிபல் வித்தியாசம். ஆற்றலில் சொன்னால், பாடகரோடு ஒப்பிட ஹம்முக்கு ஏறக்குறைய 12 மடங்கு சலுகை!

"பேஸ் வேணாமா சார்?" என்று கேட்பீர்கள். பேஸ் இருந்தால்தானே தூக்க முடியும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண் பாடகரின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் வரை இறங்கினாலும் 98. அதற்குக் கீழே குரல் என்று ஒன்றும் கிடையாது. 31, 62 ஸ்லைடர்களைத் தூக்கும்போது எழுவது ஹம், தட்டு சுழலும் மேடையின் உறுமல், அதிகம் போனால் மிருதங்கத் தொப்பியின் அடி கொஞ்சம். மேல் பக்கமும் அதே கதை. அந்தக் காலச் சினிமா ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்தது. திரையரங்கில் இரைச்சலை மறைக்க அமெரிக்காவில் 1938-இல் வகுத்த 'அகாடமி வளைகோடு' 5 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபலும், 8 கிலோவில் 18 டெசிபலும் வெட்டிவிடும். அதாவது 8 கிலோவுக்கு மேலே பெரிதாக ஒன்றும் கேட்காது என்ற நினைப்பில் வேலை செய்த காலம் அது. அங்கே இன்று 6 டெசிபல் ஏற்றினால் எழுவது ஊசி உரசும் 'உஸ்' மட்டும்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்தும் உண்டு. 78 சுற்று இசைத்தட்டுகளை வெட்டும்போது கம்பெனிகள் தாழ்ந்த ஒலியைக் குறைத்துத்தான் வெட்டும், பள்ளம் அகலமாகிவிடக் கூடாது என்று. எங்கிருந்து குறைப்பது என்பது கம்பெனிக்கும் காலத்துக்கும் மாறும். பெரும்பாலும் 250-க்கும் 500 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஒரு இடம். 1954-இல்தான் 'ஆர்ஐஏஏ' என்ற பொது வளைகோடு வந்தது. அதில் மேல் ஒலியைத் தூக்கி வெட்டி, கேட்கும்போது இறக்குவார்கள். அந்த இறக்கம் 3 கிலோவில் நாலே முக்கால் டெசிபல், 10 கிலோவில் 13.7. இப்போது கடையில் கிடைக்கிற ரெக்கார்ட் ப்ளேயர் ஆம்ப் பெரும்பாலும் இந்த வளைகோட்டைத்தான் போடும். மேல் ஒலி தூக்கப்படாமலே வெட்டிய 1952-ஆம் வருஷத்துத் தட்டு ஒன்றை இதில் ஓட்டினால் என்ன ஆகும்? ஏற்றாததையும் சேர்த்து இறக்கும். குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். "பழைய ரெக்கார்டிங், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் குறையைச் சிரிப்பு வளைவால் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். சிரிப்போ 8 கிலோவைத் தூக்குகிறது, 2 கிலோவை இன்னும் அமுக்குகிறது. தேவைப்பட்ட மருந்து வேறு, கொடுத்த மருந்து வேறு.

அந்த நடுப் பகுதிக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் தமிழ். ல, ள, ழ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொண்டையின் சுருதி மாறவில்லை, நாக்கு மட்டும்தான் மாறுகிறது. நாக்கு மாறும்போது வாய்க்குள் எழும் ஒத்ததிர்வுகள் இடம் மாறுகின்றன. முக்கியமாக மூன்றாவது ஒத்ததிர்வு. ல சொல்லும்போது அது 2500 ஹெர்ட்ஸுக்கு அருகிலோ மேலேயோ நிற்கும். நாக்கை வளைத்து ழ சொன்னால் 2000-ஐ நெருங்கி, சிலரிடம் அதற்கும் கீழே இறங்கிவிடும். ஆளுக்கு ஆள் எண் மாறும், திசை மாறாது. இரண்டாவது ஒத்ததிர்வு 1000-1500 பக்கம். ஆக, 'பல்', 'பள்', 'பழ' வித்தியாசம் எல்லாம் கிட்டத்தட்ட 1-லிருந்து 3 கிலோஹெர்ட்ஸுக்குள் நடக்கிற விவகாரம். சிரிப்பின் பள்ளம் தோண்டுவது அங்கேதான். ஈக்குவலைசர் ஒத்ததிர்வை இடம் மாற்றாது என்பது உண்மை. ஆனால் அடியில் ஏற்றிய ஹம்மும் மேலே ஏற்றிய உஸ்ஸும் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவை இறக்கினால் அந்த நுணுக்கம் காதுக்கு வராது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலியை மூடும் குணம் கொண்டது வேறு.

சிரிப்பு வளைவை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியது இது: சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் சரியாகக் கேட்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கும்போது மெல்ல வைத்துக் கேட்டால், இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தூக்குவது நியாயமே. அது கேட்பவர் கையில் இருக்க வேண்டிய விஷயம். பதிவுக்குள்ளேயே சமைத்துக் கொடுத்தால், கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் முழுச் சத்தத்தில் ஓடும்போதும் அது கூடவே வரும். டிரைவர் அதற்கு மேல் தன் பங்குக்கு பேஸைத் திருகுவார், எஞ்சின் சத்தம் அடி ஒலியை விழுங்குவதால். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பாடுவது ஆணா பெண்ணா என்ற அளவுக்கு மேல் ஒன்றும் விளங்காது.

இதைவிட அந்தக் கால மைக் செட் மேல் என்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது, 5-6 கிலோவுக்கு மேலேயும் ஒன்றும் தராது. வரைந்து பார்த்தால் அது சிரிப்பு இல்லை, கவிழ்த்துப் போட்ட சிரிப்பு. 131 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தை அது விட்டுவிடுகிறது. ஆனால் 393, 524, 655 என்று அதன் மடங்குகள் வந்துவிடும். மடங்குகளை வைத்து மூளை அடிச் சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஜெயராமன் குரல் கட்டை மாறாமல், ஒவ்வொரு ழகரத்தோடும், வயல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. இனிமை என்று சொல்ல முடியாது, காதைக் கிழித்தது. சொல் மட்டும் தப்பவில்லை.

மெருகேற்றல்களில் இன்னொரு தரப்பு இருக்கிறது, அதன் மேல்தான் என் உண்மையான கோபம். மணி வடிவ ஃபில்டரில் ஒரு நல்ல குணம் உண்டு: +4 போட்ட இடத்தில் அதே கியூவில் −4 போட்டால் பழையபடி ஆகிவிடும். வளைவு தெரிந்தால் சிரிப்பைத் துடைத்துவிடலாம். ஆனால் தூக்கிய பிறகு உச்சி மழுங்கி உடைந்திருந்தால் திருப்ப முடியாது. 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் இரட்டிப்பு. முன்கூட்டியே மொத்தத்தை இறக்கி இடம் விடாதவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளும் அப்படியே. 'உஸ்'ஸை எடுக்கும்போது 'ச', 'ஸ' இரண்டின் காற்றையும், வரிகளுக்கு நடுவே பாடகர் இழுக்கும் மூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். போனது போனதுதான். நாளைக்கு மூலத் தட்டு உடைந்துபோய், இந்தப் பிரதி மட்டும் மிஞ்சினால், ஜெயராமன் மூச்சே விடாமல் பாடினார் என்று யாராவது ஆராய்ச்சி எழுதினாலும் எழுதுவார்கள்.

பரீட்சை செய்து பார்க்க 'ரத்தக் கண்ணீர்' பாட்டு ஒன்று போதும். எம். ஆர். ராதா நொந்து திரியும்போது வருவது. பின்னணியில் ஜெயராமன் பாட, வரிகளுக்கு நடுவே ராதா தன் குரலில் பேசுவார். ஒரே பதிவில் பாட்டுக் குரலும் பேச்சுக் குரலும் மாறி மாறி. மெருகேற்றிய பிரதி ஒன்றில் ராதாவின் கரகரப்பு, அதாவது அந்தக் குரலின் சொத்தே, பஞ்சில் சுற்றியது போல இருக்கிறது. தட்டிலிருந்து அப்படியே எடுத்த பிரதியில் கீறல் சத்தம் இருக்கிறது, ராதாவும் இருக்கிறார்.

கீறல் பிரதிக்கு நான் போட்டுக் கேட்பது இது: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 100-இல் ஹம் இருந்தால் குறுகிய ஒரு பள்ளம், கியூ 20 அல்லது அதற்கு மேல், அப்போதுதான் பக்கத்து ஸ்வரம் சாகாது. 2.5 கிலோவில் அகலமாக +2, கியூ 0.7. 6 கிலோவுக்கு மேலே சரிவாக −4. மொத்தத்தை முதலிலேயே 3 டெசிபல் இறக்கிவிடுவது. எந்தத் தட்டு, எந்தக் காலம் என்று பார்த்து 2.5-ஐயும் 6-ஐயும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். ஹெட்ஃபோனில் வேண்டாம், சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள்.