சிரிப்பு எங்கே போய் விழுகிறது?

நண்பரொருவர் ஒரு பயணத் திட்டத்தோடு வந்தார். யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் 'கிறுக்குத்தனம்' பண்ணியவர்களின் ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வருவது. ஐந்து நாடு, இரண்டு வாரம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வக்கில்லாத நான் அதே வழியை வரைபடத்திலும் ஒளிப்பதிவுகளிலுமாகப் போய்வந்தேன். கிளம்பும்போது கையில் ஒரு கோட்பாடு இருந்தது: கோமாளித்தனம் என்பது கலகம். திரும்பும்போது அதில் பாதிதான் மிச்சம்.

1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய போட்டி இது. நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். பாட்டில் அரசியல் கூடாது என்பது விதி. ஒவ்வொரு பாடகரையும் ஒரு தேசத்தின் பெயரில் நிறுத்தி, தேசங்களுக்குத் தேசங்கள் மதிப்பெண் போடுகிற மேடை, அரசியலற்றதாம்! இந்தப் பொய்க்குள் நுழைய, மையத்துக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கிடைத்த வேடங்களில் ஒன்று கோமாளி.

முதல் ஊர் பின்லாந்தின் வடக்கே ரோவனியெமி. 2006இல் ஏதென்ஸில் அரக்க முகமூடி போட்டுக் கத்திப் பாடிய லோர்டி குழுவின் தலைவர் பிறந்த ஊர். 1961 முதல் தோற்றுக்கொண்டிருந்த நாட்டுக்கு முதல் வெற்றி. அப்புறம்? ஊரில் ஒரு சதுக்கத்துக்கு அவர்கள் பெயர். கடையில் அவர்கள் பெயரில் கோலா. கிறிஸ்துமஸ் தாத்தாவை விற்கும் ஊர் அரக்கனையும் பக்கத்தில் வைத்து விற்றது. சந்தைக்கு அரக்கனும் ஒண்ணுதான், தாத்தாவும் ஒண்ணுதான்.

இரண்டாவது, உக்ரைனின் பொல்தாவா. அந்திரி தனில்கோ என்ற ஆண், வேர்கா செர்த்யூச்கா என்ற பெண்வேடத்தில், தலையில் வெள்ளி நட்சத்திரத்தோடு 2007இல் ஹெல்சிங்கியில் ஆடினார். இரண்டாமிடம். பல்லவியின் இரண்டு சொற்கள் பலர் காதில் 'ரஷ்யாவே, போய் வா' என்று விழுந்தன. இல்லவே இல்லை, அது மங்கோலியச் சொல் என்று சாதித்தார் தனில்கோ. அர்த்தமின்மை அவருக்கு ஒரு குடை.

மூன்றாவது, ஜார்ஜியாவின் திபிலிசி. 2008 ஆகஸ்ட் போருக்குப் பிறகு, 2009 போட்டி மாஸ்கோவில். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் புதினின் பெயர் வந்துவிடுகிற ஒரு டிஸ்கோ பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வரியை மாற்று, இல்லையென்றால் வேறு பாட்டு கொண்டுவா என்றது ஒன்றியம். ஜார்ஜியா விலகியது. 2007இல் நுழைந்த சிலேடை 2009இல் வாசலிலேயே நின்றுபோனது. கோமாளி என்ன சொல்கிறான் என்று தெரியாதவரைக்கும்தான் அவனுக்கு அனுமதி.

நான்காவது ஊரில்தான் என் கோட்பாடு உடைந்தது. ரஷ்யாவின் உத்மூர்த் குடியரசில் புரனோவோ என்ற கிராமம். அங்கிருந்து வந்த பாட்டிகள் 2012இல் பாகூ மேடையில் அடுப்பு வைத்து, பலகாரம் எடுத்து, தங்கள் உத்மூர்த் மொழியில் பாடினார்கள். ஆங்கிலத்தில் ஒரு பல்லவி. சோவியத் காலத்தில் இடிக்கப்பட்ட தேவாலயத்தை மறுபடி கட்டப் பணம் திரட்டத்தான் பாடுகிறோம் என்றார்கள். ஐரோப்பாவே உருகி இரண்டாமிடம் கொடுத்தது. ஒரு சிறுபான்மை மொழி இத்தனை கோடிப் பேர் காதில் ஒலித்ததே, இது போதாதா என்று கேட்கத் தோன்றும். 2018இல் ரஷ்யா ஒரு சட்டத்தால் இத்தகைய மொழிகளைப் பள்ளியில் கட்டாயமற்றதாக்கியது. 2019 செப்டம்பரில் உத்மூர்த் அறிஞர் அல்பெர்ட் ராசின், 79 வயது, இஷெவ்ஸ்க் நகரில் குடியரசின் சட்டமன்றத்துக்கு முன்னால் தன் மொழிக்காகத் தீக்குளித்து இறந்தார். இது நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியின் வாயில் 'அழகாக' இருந்த மொழி, பள்ளிக்கூடத்துக்குத் தேவையில்லாததாகிவிட்டது. பாட்டிகள்மீது குற்றமில்லை. அவர்களைப் பார்த்துக் கைதட்டியதும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் ஒரே அரசு என்பதுதான் விஷயம்.

ஐந்தாவது லிஸ்பன். 'போராட்டத்து ஆட்கள்' என்று பொருள்படும் ஓமன்ஸ் ட லூட்டா ஒரு பகடிக் குழு. கையில் ஒலிபெருக்கி, 1974 புரட்சிக்காலத்துப் பாடகர்களைப் போல வேடம். 2011 மார்ச் 5இல் பார்வையாளர் வாக்குகளால் போர்த்துகல் தேர்வில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து, மார்ச் 12இல், நிரந்தர வேலையில்லாத தலைமுறை லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தது. மே மாதம் ஜெர்மனியில் அரையிறுதியிலேயே இவர்கள் தோற்றுப்போனார்கள். தோற்றால் என்ன? இதே போட்டியில் 1974 ஏப்ரலில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட போர்த்துகல் பாட்டுதான், அதே மாதம் 24ஆம் தேதி இரவு வானொலியில் ஒலித்து, சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த ராணுவத்தினருக்கு முதல் சமிக்ஞையானது. அது கோமாளிப் பாட்டுக்கூட இல்லை, சாதாரணக் காதல் பாட்டு.

பக்தினைப் படித்துவிட்டு, சிரிப்பு என்றாலே கலகம்னு நாம் நிறைய எழுதிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன். திருவிழாவுக்கு அனுமதி கொடுப்பது யார், மறுநாள் காலையில் தெருவைக் கூட்டுவது யார் என்று கேட்கவில்லை. சிரிப்பு தன்னளவில் எந்தப் பக்கமும் இல்லை. அது கீழே விழும்போது பிடிக்க ஆள் வேண்டும். ரோவனியெமியில் சந்தை பிடித்தது, புரனோவோவில் அரசு பிடித்தது. லிஸ்பனில் தெரு பிடித்தது.

நண்பரின் திட்டத்தை இன்று நிஜமாக்கவும் முடியாது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஒன்றியம் ரஷ்யாவைப் போட்டியிலிருந்து நீக்கியது. பொல்தாவாவுக்கும் புரனோவோவுக்கும் நடுவில் இப்போது போர்முனை. 2007இல் நாமெல்லாம் சிரித்த அந்தச் சிலேடையை இப்போது கேட்டுப் பாருங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.