குண்டு இறங்க வேண்டும்: மரமேறிகளின் எறிகுண்டும் நூலும்

சிங்கப்பூர்ச் சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தில் நாங்கள் ஏறுவதற்கு முன் கயிறு ஏற வேண்டும். கயிறு ஏறுவதற்கு முன் நூல் ஏற வேண்டும். அந்த நூலை மேலே கொண்டுபோவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு குண்டு. காலை வேலை ஒழுங்காகத் தொடங்குவதும், அரைநாள் அண்ணாந்து பார்த்தே வீணாவதும் அந்தக் குண்டைப் பொறுத்தது.

கடைப் பட்டியலில் இவற்றை த்ரோ வெயிட், த்ரோ லைன் என்று போட்டிருப்பார்கள். எங்கள் குழுவில் வெறும் குண்டு, நூல். கிளைக்கு மேலாகக் குண்டை எறிந்து, அது மறுபக்கம் தரைக்கு வந்ததும் அவிழ்த்துவிட்டு, அந்த முனையில் ஏறுகயிற்றைக் கட்டி, நூலை இழுத்துக் கயிற்றை மேலேற்றுவோம். பிறகுதான் இடுப்புவாரும் ஏற்றமும் எல்லாம். சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் நடத்தும் உலக மரமேறும் போட்டியில் நூலெறிவது தனியொரு போட்டியாகவே இருக்கிறது. தொழிலில் அதற்கு அத்தனை மதிப்பு.

அமெரிக்கத் தயாரிப்புகள் 8 அவுன்சிலிருந்து 16 அவுன்ஸ் வரை வருகின்றன. நம் கணக்கில் அது சுமார் 225 கிராமிலிருந்து 450 கிராம் வரை. ஐரோப்பியத் தயாரிப்புகள் பெரும்பாலும் 200, 250, 300, 350 என்று கிராமிலேயே கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர் கை தானாக லேசான குண்டுக்குத்தான் போகும். என் கையும் அப்படித்தான் போனது. லேசான குண்டு உயரப் போகும் என்று மனம் சொல்கிறது. அது பொய்யுமில்லை. 15 மீட்டர் உயரத்துக் கிளையைத் தாண்ட, கையைவிட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கனமான குண்டுக்கும் லேசான குண்டுக்கும் இது ஒன்றே. லேசானதற்கு அந்த வேகத்தைக் கொடுப்பது தோளுக்கு எளிது.

சிக்கல் கிளைக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. தாண்டிய குண்டு தன் எடையால் நூலை இழுத்துக்கொண்டு தரைவரை வர வேண்டும். நூலோ கிளைமேல் அரைச்சுற்றாகப் படிந்து கிடக்கிறது. இன்னொரு கிளையையும் வளைத்துக்கொண்டு போனால் உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். வழவழப்பான பட்டையுள்ள அத்தி இன மரங்களில் 280 கிராம் குண்டு சிரமமில்லாமல் இறங்கிவிடும். வெடித்து வரிவரியாகக் கிடக்கும் தூங்குமூஞ்சிப் பட்டையில் அதே குண்டு பாதியில் நின்று ஊசலாடும்.

அதோடு இங்கே பெரணிகள். முதிர்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிடைக்கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணிகள் கூடைகூடையாக உட்கார்ந்திருக்கும். உதிர்ந்த இலையையெல்லாம் உள்ளே சேர்த்து மக்கவைத்து, மழைநீரையும் தேக்கிவைத்திருக்கும் அந்தக் கூடைக்குள் லேசான குண்டு விழுந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி. என் முதல் வருடத்தில் ஒருநாள், குழு மொத்தமும் கீழே காத்திருக்க, 225 கிராம் குண்டைப் பெரணிக்குள் இறக்கிவிட்டு நின்றேன். இழுத்தேன், உதறினேன், சுண்டினேன். வரவில்லை. பொறுமையிழந்து பலமாக இழுத்ததில் விருட்டென்று வந்து என் தலைக்கவசத்தின் விளிம்பில் மோதியது. முதுநிலை ஏறி ஒருவர், அண்ணன் என்றே நாங்கள் கூப்பிடுவோம், தன் 400 கிராம் குண்டை எடுத்து இரண்டாம் எறியில் இறக்கிக் காட்டினார். குண்டு ஏறுவதற்காக வாங்காதே, இறங்குவதற்காக வாங்கு என்பது அன்று அவர் சொல்லித்தந்த பாடம். இத்தனை வருடத்தில் அதை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகவே என் தேர்வு இது. ஒரே ஒரு குண்டுதான் வாங்க முடியும் என்றால் 340 அல்லது 350 கிராம். தூங்குமூஞ்சி, தெம்புசு போன்ற முரட்டுப் பட்டை மரங்களே அன்றாட வேலை என்றால் 400 கிராம். இரண்டு வாங்க முடிந்தால் 280-உம் 400-உம். 450 கிராமை ஒருநாள் முழுக்கக் கையால் எறிந்தவருக்கு மறுநாள் தோள் எழாது. உயரம் குறைந்து, கிளையடர்த்தி மிகுந்த மரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எடைக்கு அடுத்தது வடிவம். குண்டு என்பது உலோக மணிகள் நிரப்பித் தைத்த ஒரு பைதான். பேரிக்காய் மாதிரி அடிபருத்த பைகள் கைக்கு இதமாக இருக்கும், நேராகப் பறக்கும். ஆனால் திரும்ப இழுக்கும்போது இறுகிய கவைகளில் ஆப்பு அடித்த மாதிரி சிக்கும். ஹாரிசன் ராக்கெட் போன்ற ஒல்லிக் குண்டுகள் அதே எடையை நீளமாக வைத்திருப்பதால் கவைக்குள் வழுக்கி வெளியே வந்துவிடுகின்றன. கிளை நெருக்கமான மரங்களில் இந்த வித்தியாசம் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நான் ஒல்லி வகைக்கே மாறிவிட்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டு வாங்குங்கள். ஈயம் இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஈயக்குண்டு ஒல்லியாக அமையும், அழகாகப் பறக்கும். ஆனால் தையல் விட்டுப்போய் ஈயச் சிறுமணிகள் பூங்காப் புல்லில் கொட்டினால் பொறுக்கி எடுக்க முடியாது. பிள்ளைகள் விளையாடும் இடம், பறவைகள் கொத்தும் இடம். இந்த ஒரு காரணத்துக்காகவே எஃகு மணி நிரப்பியதை வாங்குகிறேன். அதற்கும் ஒரு குறை உண்டு. நான் வைத்திருந்த ஒரு பையில், இந்த ஊர் ஈரத்தில் மணிகள் துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிவிட்டன. மழையில் நனைந்த பையை நிழலில் காயவைத்துவிட்டுப் பெட்டிக்குள் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

இனி நூல். மலிவான பாலிஎதிலீன் நூல் சுருள் நினைவை விடாது. உருளையில் சுற்றியிருந்த வடிவத்திலேயே தரையில் சுருண்டு கிடக்கும். எறிகிற நேரத்தில் வளையம் வளையமாகக் கிளம்பி முடிச்சாகும். இழுத்தால் நீளும், சிக்கியது விடுபட்டால் குண்டு ரப்பரில் கட்டியது போல முகத்துக்கு வரும். பழகிப் பார்க்க நண்பரிடம் இரவல் வாங்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

தொழிலுக்கு டைனீமாதான். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் உருவான இழை அது. தண்ணீரில் மிதக்கும், தண்ணீரை உறிஞ்சாது, நீளுவது மிகக் குறைவு, பட்டைமேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பலர் கையில் பார்க்கும் மஞ்சள் நிற சாம்சன் ஜிங்-இட் நூல், 12 புரியாகப் பின்னிய இந்த வகைதான், 1.75 மில்லிமீட்டர், 2.2 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வருகிறது.

இந்த இரண்டில் எது என்பதுதான் எங்கள் தேநீர் நேரத்து நிரந்தர வாதம். மெல்லியது லேசு, உராய்வு குறைவு, உயரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வியர்த்த கையில் பிடி கிடைக்காது. கனத்த கயிற்றைக் கவை வழியே இழுக்கும்போது விரலை அறுக்கும். காற்றில் சருகோடு சேர்ந்து பின்னிக்கொள்ளும், பின்னியதை நகத்தால் பிரிக்கவும் முடியாது. 2.2 தடிமன் அந்த உயரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பதிலுக்குக் கைக்குப் பிடி, சிக்கலில் பொறுமை, பட்டை தேய்ப்பில் ஆயுள் மூன்றையும் தருகிறது. சாலையோர மரங்களில் நாள்தோறும் உழைப்பவருக்கு 2.2 என்றே சொல்வேன். ஆப்பிரிக்க மகோகனி போல நெடுக வளர்ந்து, முதல் கிளையே எங்கோ இருக்கும் மரங்களுக்கு 1.75.

அப்படிப்பட்ட மரங்களுக்குக் கையும் போதாது. பிக் ஷாட் என்ற நீளக்கோல் கவட்டை வேண்டும். சுமார் 2.4 மீட்டர் கோலின் தலையில் ரப்பர் கட்டிய கவை. சிறுவயதில் ஓணான் அடித்த உண்டிவில்லின் பெரியண்ணன். 30 மீட்டர் உயரம் அதற்குச் சாதாரணம். பெருமரங்கள் நிறைந்த இடத்தில் வேலை என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் தேவையில்லை.

நூலின் நீளம் 60 மீட்டருக்குக் குறைய வேண்டாம். 25 மீட்டர்க் கிளைக்கு ஏறி இறங்கவே 50 போய்விடும். மீதிதான் கையில் பிடித்து ஆட்டவும் கயிறு கட்டவும். நூலை வைக்க விரிந்து மடங்கும் சதுரப் பெட்டி சுகம். வாய் அகன்ற வாளியும் அதே வேலையைச் செய்யும். எதுவானாலும் சுற்றி வைக்காமல் கைகையாக உள்ளே இறக்குங்கள். இறக்கிய வரிசையிலேயே அது கிளம்பும்.

டைனீமாவுக்கு இரண்டு குணங்கள் உண்டு, தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒன்று, அதன் வழுக்கல் முடிச்சுக்கும் பொருந்தும். சாதாரண முடிச்சு உருவிக்கொண்டு குண்டு தனியே பறந்துவிடும். கூடுதலாக ஒரு சுற்றும், விரல் நீளத்துக்கு மிச்ச வாலும் விடுங்கள். இரண்டு, வெப்பம் தாங்காது. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகும் என்றால் இது 150-ஐ ஒட்டியே உருகிவிடும். ஓடும் கயிறு ஒரே இடத்தில் நூல்மீது உரசினால் நூல் அறுந்துபோகும்.

எறியும் முறையையும் குண்டே முடிவு செய்கிறது. 280 கிராமை ஒரு கையால் ஊசலாட்டி விடலாம். 400 கிராமுக்கு இரு கையும் வேண்டும். நூலை மடித்து வளையத்துக்குள் நுழைத்துத் தொட்டில்போல் ஆக்கி, இரு கையாலும் பிடித்து, அகட்டிய கால்களுக்கிடையே ஆட்டி விட வேண்டும். விடுகிற நேரம் பிந்தினால் குண்டு தலைக்குப் பின்னால் போகும். ஆகவே பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள். குண்டு இறங்கிய பிறகு கிளை மாற்ற வேண்டுமென்றால், அதைப் பாதி தூக்கி, ஆட்டி, அடுத்த கிளையின் இப்பக்கம் இறக்கலாம். இங்கும் கனமான குண்டுதான் சொன்னபடி கேட்கிறது. நூலைத் திரும்ப எடுக்கும்போது குண்டை அவிழ்த்துவிட்டு வெறும் முனையை இழுங்கள். கவையில் குண்டு சிக்கிக்கொள்ளும் சம்பவங்களில் பெரும்பாலானவை இந்தச் சோம்பலால் வருபவை.

ஏறிய வேகத்திலேயே குண்டு கீழேயும் வருகிறது. 15 மீட்டரிலிருந்து விழும் 350 கிராம், தலையைத் திறந்து வைத்திருப்பவரைக் கொன்றுவிடக்கூடும். எறிபவர் மட்டுமில்லை, அருகில் நிற்பவர் எல்லாருக்கும் தலைக்கவசம். எறியும் முன் ஒரு சத்தம். நூலை ஒருபோதும் கையில் சுற்றி இழுக்காதீர்கள், கையுறை போடுங்கள். நடைபாதையின் குறுக்கே கழுத்து உயரத்தில் இந்த நூல் தொங்கினால் சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. இரு பக்கமும் கூம்பு வைத்து ஆள் நிறுத்திய பிறகே எறியுங்கள். இந்த நூல் ஆளைத் தாங்க அல்ல, கயிற்றை ஏற்ற மட்டும். கயிறு ஏறியதும் இருவர் சேர்ந்து தொங்கிப் பார்த்த பிறகே ஒருவர் ஏற வேண்டும்.

ஊரிலிருந்து தம்பிகள் சிலர் இதை வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். தென்னைக்கும் பனைக்கும் இது உதவாது, நூல் விழக் கிளை வேண்டும். புளி, வேம்பு, மா கழிப்பவர்களுக்கு நிச்சயம் உதவும். 350 கிராம் எஃகுக் குண்டு ஒன்றும் 60 மீட்டர் 2.2 நூலும் போதும். ஒன்றே ஒன்று. சிங்கப்பூரில் மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போகின்றன, நம் ஊரில் கிளைக்குள்ளேயே போகின்றன. நனைந்து அழுக்கேறிய நூல் மின்சாரத்தைக் கடத்தும், எறிந்த குண்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை என்னாலேயே இன்னும் சொல்ல முடியாது. கம்பி தெரியும் மரத்தில், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை குண்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.