பத்து விழுக்காடும் பள்ளிபாளையத்து ஆறும்

உணவுச்சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்கிறது மேல்நிலைப் பாடநூல். சூழலியலாளர் லிண்டெமன் பெயரால் வழங்கும் இந்தப் பத்து விழுக்காடு விதியை உரசிப் பார்க்கச் சிதையாத காடு உதவாது. அங்கே எந்தக் கோட்பாடும் எளிதில் தேறிவிடும். பவானி கூடுதுறைக்குக் கீழே, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் நெருங்கி நிற்கும் பள்ளிபாளையத்துக் காவிரியில் அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

முதலில் நிறை. 1927-இல் சூழலியலாளர் எல்டன் முன்வைத்த பிரமிடு தலைகளை எண்ணியது. 1942-இல் லிண்டெமன் பாசி, புழு, மீன் எல்லாவற்றையும் கலோரி என்ற ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு படியிலும் மூச்சுக்கும் கழிவுக்கும் போன ஆற்றல் அடுத்த படிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே சங்கிலி நாலைந்து கண்ணிகளுக்கு மேல் பெரும்பாலும் நீள்வதில்லை, உச்சி உயிர்கள் என்றும் சிலவாகவே இருக்கின்றன. பல கேள்விகளுக்கு ஒரே விடை தரும் இந்த ஒத்திசைவுதான் அவருடைய சாதனை. தரவு போதாது என்று நடுவர்கள் முதலில் மறுத்த கட்டுரை அது. அவருடைய வழிகாட்டி ஹட்சின்சன் வாதாடியதால் அச்சேறியது. அச்சில் வருமுன்பே இருபத்தாறு வயதில் லிண்டெமன் இறந்துவிட்டார். நடுவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஹட்சின்சன் கண்டதிலும் நியாயம் உண்டு: தரவு சிறிது, கருத்து பெரிது.

அந்தத் தரவைத் திறந்தால் ‘பத்து’ அங்கே இல்லை. மினசோட்டாவின் சீடார் பாக் ஏரியில் தாவர உண்ணிகளின் ஆற்றல் பெறும் திறன் 13.3 விழுக்காடு, அவற்றைத் தின்பவற்றின் திறன் 22.3. மெண்டோட்டா ஏரியில் அடுத்தடுத்த மூன்று படிகளில் 8.7, 5.5, 13.0. மேற்படிகளில் திறன் கூடக்கூடும் என்ற பக்கமே அவர் சாய்ந்தார். பின்னாளில், 1995-இல், மீன்வள ஆய்வாளர்கள் பாலியும் கிறிஸ்டென்சனும் 48 நீர்ச்சூழல் மாதிரிகளைத் தொகுத்தபோது சராசரி பத்தை ஒட்டித்தான் வந்தது. ஆனால் வீச்சு ஏறக்குறைய 2 முதல் 24 வரை விரிந்தது. சராசரியை விதியாக்கியதும், அதை லிண்டெமன் தலையில் ஏற்றியதும் பாடநூல்களின் வேலை.

ஒரே படியில் நிற்கும் உயிர்களுக்குள்ளும் இந்த எண் வேறுபாட்டை மறைக்கிறது. மேட்டூருக்கு மேலே, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயத்தில் ஆற்று நீர்நாயும் சதுப்பு முதலையும் உச்சி வேட்டையாடிகள். வெப்ப இரத்தம் கொண்ட நீர்நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் வேண்டும்; அதில் பெரும்பகுதி உடற்சூட்டுக்கே எரிந்துபோகும். முதலையோ வாரக்கணக்கில் பட்டினி கிடந்தும் தாங்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணை ஒட்டுவது அளவீட்டுப் பிழை.

இனி பள்ளிபாளையம். அடிப்படி பெருத்தால் உச்சியும் பெருக்க வேண்டும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் எதிர்பார்ப்பு. ஓடப்பள்ளி, சமயசங்கிலி கதவணைகளில் தேங்கும் நீரில் அடிப்படிக்குக் குறைவே இல்லை: ஊர்ச்சாக்கடையின் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை ஆற்றை மூடிவிடுகிறது. ஆனால் அந்தப் பச்சையை மேயும் மீன் மிகக் குறைவு. அது அழுகும்போது நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. ஆற்றல் ஏராளமாக நுழைகிறது. மேலே ஏறும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் இடித்தும் சாயக்கழிவு முற்றாக நின்றபாடில்லை. நிறமேறிய நீரில் வெளிச்சம் இறங்காததால் பாசியின் உற்பத்தியும் குன்றுகிறது. இந்த நீரைத் தாங்குவது ஜிலேபி போலக் கிடைத்ததைத் தின்னும் மீனும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் கெளுத்தியும் விராலும்தான். வாளையோ உலக அளவிலேயே அழிவாய்ப்புள்ள இனமாகிவிட்டது. கணிசமான மீனை வலையும் பரிசலும் சந்தைக்குக் கொண்டுபோகின்றன. அதாவது உச்சிப்படியில் மனிதன் அமர்ந்துவிட்டான். அவன் எடுக்கும் ஆற்றல் ஆற்றுக்குத் திரும்புவதில்லை. அடியிலிருந்து மேலே எண்ணும் கணக்கு இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, வேட்டையாடியை அது வெறும் எச்சம் பெறுபவனாகக் காண்பது. வேட்டையாடிகள் தாவர உண்ணிகளை அடக்குவதால்தான் உலகம் பச்சையாக இருக்கிறது என்று 1960-இல் ஹேர்ஸ்டனும் கூட்டாளிகளும் வாதிட்டார்கள். அதன்பின் சூழலியலாளர் பெய்ன், வாஷிங்டன் கடற்கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திரமீனை அகற்றிப் பார்த்தார். அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கின. அவருடைய முறை லிண்டெமனுடையதைவிடக் கறாரானது: அளந்ததோடு நிற்காமல் ஒன்றை நீக்கி விளைவைக் கண்டது. ஆனால் அதன் களம் குறுகியது. கரைப்பாறையின் முடிவைத் தேங்கிய ஆற்றுக்கு அப்படியே பெயர்க்க முடியாது. ஆற்றலுக்கு வரம்பு ஏன் என்பதை அது விளக்குவதுமில்லை. லிண்டெமனின் ஆற்றல் ஓட்டமும் பெய்னின் கட்டுப்பாடும் ஒன்றையொன்று மாற்றீடு செய்வன அல்ல.

ஆகவே தீர்ப்பு இது. உச்சி உயிர்கள் எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்வதில் லிண்டெமனின் கோட்பாடு வலுவானது. எவ்வளவு இருக்கும் என்று சொல்வதில் பலவீனமானது. ‘பத்து’ மதிப்பீடாக நிற்கட்டும். விதி என்ற பட்டத்துக்கு அதற்குத் தகுதியில்லை. பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பில் அந்த ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இரண்டு ஏரிகளின் அட்டவணையையும், அதனருகே உள்ளூர் ஆறு ஒன்றின் உணவுவலையையும் அச்சிட வேண்டும்.