மேட்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது?
மேகமலையில் ஒரு ரசிகரோடு சில படங்கள்

ரசிகன் என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் பெரும்பாலும் வசவாகத்தான் புழங்கி வந்திருக்கிறோம். இலக்கியத்துக்கு வாசகன், நல்ல சினிமாவுக்குப் பார்வையாளன், மிச்சத்துக்கெல்லாம் ரசிகன். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், விசிலடிக்கிறவன், பிறகு வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவன். எம்.ஜி.ஆர். பிம்பம் குறித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் நம்மில் பலருக்குப் பாடப்புத்தகம் மாதிரி. திரையில் ஏழைக்காகக் கையை ஓங்கியவரின் ஆட்சியில் அந்த ஏழைக்கு என்ன மிஞ்சியது என்ற அவரது கேள்வி இன்றைக்கும் செல்லும். அந்தக் கேள்வியிலிருந்து, ஏழை ஒன்றும் தெரியாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்ற பதிலுக்கு நாம்தான் ஒரே தாவாகத் தாவினோம். பாண்டியன் அவ்வளவு லேசில் முடிக்கவில்லை.

இதை எழுத வைத்தவர் என் தாய்மாமன். வயது அறுபத்துநாலு. மேகமலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கவாத்து வெட்டி, மருந்தடித்து, கடைசிப் பத்து வருசம் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரிடம் கேட்டாலும் ‘சினிமாக் கிறுக்கு’ என்பார்கள். சென்ற மழைக்காலத்தில் நாலு நாள் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். சின்னமனூர் பஸ் வரவில்லை, கரண்டும் இல்லை. பேசுவதற்குப் படங்களை விட்டால் வேறு இல்லை. நான் குறிப்பெடுப்பதைப் பார்த்து, “எழுதிக்க மாப்ள, ஆனா ஏன் பேரப் போடாத” என்றார். போடவில்லை.

மேகமலையில் படம் பார்ப்பது எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாமாவின் சின்ன வயதில் கொட்டகை கிடையாது. திருவிழாவுக்கோ போனஸ் சமயத்திலோ மைதானத்தில் வேட்டி கட்டி 16 எம்.எம்.மில் படம் ஓட்டுவார்கள். பாதிப் படத்தில் மேகம் இறங்கிவிடும். திரை தெரியாது, மிஷினிலிருந்து வரும் வெளிச்சம் வெள்ளைப் புகையில் நிற்கும், சத்தம் மட்டும் கேட்கும். யாரும் எழுந்து போகமாட்டார்களாம். “எம்.ஜி.ஆர் சண்டை பாதிய நான் காதாலதேன் பாத்துருக்கேன்.” பார்வை பற்றி எத்தனையோ கோட்பாடுகள் மொழிபெயர்த்தோம். காதால் பார்த்த ரசிகனுக்கு அதில் இடம் இல்லை.

‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965இல் வந்த படம். மாமா அதைப் பார்த்தது பத்துப் பதினைந்து வருசம் கழித்து. சவுக்குக் காட்சியைப் பற்றி, அதெல்லாம் ஏமாத்து வேலை இல்லையா மாமா என்று கேட்டேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. “பொய்யின்னு தெரியாமயா பாத்தோம்? படம் பூராம் பொய்யி. ஆனா சவுக்கப் புடுங்குனாருல்ல, அது பொய்யில்ல. மறுநா காலையில மேஸ்திரி பேரு கூப்புடுறப்ப எங்க ஆளுக நின்ன நிலையே வேற.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

அந்த ஒரு மணி நேரத்தை நம் கோட்பாடு எந்தக் கணக்கில் வைக்கும்? பொய்ப் பிரக்ஞை என்று தள்ளுவது சுலபம். எதிர்ப்பு என்று கொண்டாடுவதும் அதே அளவுக்குச் சுலபம், அது வேறு வகைச் சோம்பேறித்தனம். மாமா இரண்டையும் செய்யவில்லை. நேரத்தை அளந்து சொன்னார், அவ்வளவுதான். ஏமாந்தது எப்போது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் படுத்தபடியே கீழே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் அங்கே இருப்பதைக் காட்டும் வீடியோவைத் தமிழ்நாடு முழுக்க ஓட்டினார்கள். “அவரு படத்துலயே நெசமா இருந்தது அது ஒண்ணுதேன். அதுலதேன் நான் ஏமாந்தேன்” என்றார் மாமா. ஆவணப்படத்தின் உண்மை பற்றி நான் இதுவரை படித்த எதிலும் இப்படி ஒரு வாக்கியம் இல்லை.

பாரதிராஜா மேல் அவருக்குப் பாசமும் உண்டு, வழக்கும் உண்டு. அல்லிநகரத்துக்காரர், நம்ம ஊர். ஆனால் ‘16 வயதினிலே’ (1977) கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் எடுத்தது, ‘முதல் மரியாதை’ (1985) ஆறும் பரிசலும் தலக்காடு, சிவசமுத்திரம் பக்கம். நான் இதைச் சொன்னபோது மாமா ஆச்சரியப்படவில்லை. “அது நம்ம ஆறு இல்லேன்னு அன்னைக்கே தெரியும். அம்புட்டுத் தண்ணி நமக்கு ஏது? ஆனா சிவாஜி துண்டப் போட்டு நிக்கிறது நம்மூருதேன்.” அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். “அந்தப் படத்துக்குப் பேரு என்னா? முதல் மரியாதை. யாருக்கு மரியாதை? மலைச்சாமி வீட்டு மானத்துக்கு. அதக் காப்பாத்தக் கொலை பண்ணிட்டு ஜெயிலுக்குப் போனது யாரு? பரிசல்காரி. அவ வீட்டு மானத்துக்கு எவன் ஜெயிலுக்குப் போனான்?”

குயில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். மலைச்சாமி ஊர்ப் பெரியவர். தொட்டுக்கொள்ளாத அந்தக் காதலை எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறார் என்று நாம் உருகிய படம். உருக்கம் பொய் இல்லை, எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் தியாகத்தின் செலவு எந்தச் சாதியின் கணக்கில் எழுதப்படுகிறது என்று நான் கேட்கவில்லை. எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரத்தில் மாதவி துறவு பூண்டதற்கு நாலு பக்கம் எழுதினேன். குயிலின் சிறைக்கு ஒரு வரி எழுதவில்லை.

தேயிலையைக் காட்டும் பாட்டுகள் பற்றி அவருக்குச் சிரிப்புதான். மேகமலைக்கே ஒரு பாட்டுக்காக ஆள் வந்திருக்கிறது. என்ன படம் என்பது வேண்டாம். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களை ஃபிரேமை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். “தேயிலைக்குள்ள ஓட முடியாது மாப்ள. இடுப்பு ஒசரத்துக்குக் குச்சி நெருக்கமா நிக்கும். சாக்கோ பிளாஸ்டிக் தாளோ கட்டாம எறங்குனா தொடை கிழிஞ்சுரும். அதுக ரோட்டு ஓரத்துலயே ஆடிட்டுப் போயிருச்சுக.” பச்சைக் கம்பளம் என்று எழுதுகிற நம் பயணக் கட்டுரைக்காரர்கள் ஒருமுறை அந்தக் கம்பளத்தில் நடந்து பார்க்கலாம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு கேமராக்கள் புலி பக்கம் திரும்பிவிட்டன. “இப்பப் புலிக்குத்தேன் ரசிகர் மன்றம்.”

இனி ‘பரதேசி’. 2013இல் பாலா எடுத்தது. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று நமக்குக் கிடைத்த நாவலை அடிப்படையாகக் கொண்டது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டர். அங்கே சங்கம் கட்டுவதில் முன்நின்ற கிறிஸ்தவர். படத்தில் வருகிற கிறிஸ்தவ டாக்டரோ ரொட்டி கொடுத்து, ஆட்டம் போட்டு மதம் மாற்றுகிற கோமாளி. கதை தந்தவனையே கதைக்குள் கேலிச் சித்திரமாக்கிவிட்டு, அவன் செய்த சங்கத்தையும் கழற்றிப்போட்ட படம் அது. இதை அப்போதே எழுதினேன், இன்றும் மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாமாவும் கிட்டத்தட்ட இதையே வேறு மாதிரி சொன்னார். “அடிச்சதெல்லாம் சரி, அத விடவும் அடிச்சிருக்காய்ங்க. ஆனா அடி வாங்குனவன் சாயங்காலம் லைன் வீட்ல கங்காணிய எப்பிடி ஏசுவான் தெரியுமா? அந்த ஏச்சு எங்க?” படத்தில் பேச்சே இல்லை என்று சொன்னால் அது மிகை. ஆனால் அவர் தேடியது கிடைக்கவில்லை என்பது உண்மை. சோகத்தைப் படமெடுக்கிறவர்கள் சோகப்படுகிறவனின் நாக்கை முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் படத்தின் முடிவில் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. தப்பிக்க வழியில்லாமல் நாயகன் அழுதுகொண்டிருக்கும்போது, அவனைத் தேடி அவன் பெண்ணும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கே வந்து சேர்கிறார்கள். மிகையுணர்ச்சி, பார்வையாளனைக் கழுத்தைப் பிடித்து அழவைக்கும் உத்தி என்று என் பழைய கட்டுரையில் எழுதியிருந்தேன். மாமா கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, “படத்துலயே அது ஒண்ணுதேன் நெசம்” என்றார். “ஒங்க அம்மாச்சி எப்பிடி இந்த மலைக்கு வந்துச்சுன்னு நெனைக்கிற? ஒங்க தாத்தா வாங்குன முன்பணம் கழியல. ஆறு மாசமா ஆளக் காணோமேன்னு தேடி வந்துச்சு, கைப்பிள்ளையோட. மறுநாளே அதுக்கும் கூடையக் குடுத்துட்டாய்ங்க. கைப்பிள்ளை ஒங்க அம்மா.”

என் அம்மா இதை எனக்குச் சொன்னதில்லை. நான் உத்தி என்று எழுதியது என் வீட்டுக் கதை. இதற்காக அந்தக் காட்சி நல்ல காட்சியாகிவிடுமா? இசையும் ஓலமும் இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் ‘மிகை’ என்ற சொல்லை இனிமேல் எழுதும்போது யாருடைய அளவுகோலுக்கு மிகை என்று யோசிக்காமல் எழுத முடியாது போலிருக்கிறது.

‘கபாலி’ (2016) பற்றி நீளமாகப் பேசவில்லை. மலேயாத் தோட்டத்தில் கூலிக்காகச் சண்டை போட்டவன் கோட்டுப் போட்டது அவருக்குப் பிடித்தது. எஸ்டேட்டில் கோட்டு துரைக்கு மட்டும்தானாம். “கோட்டுப் போட்டப்பெறகு கேமரா தோட்டத்துக்குத் திரும்பவே இல்லியே” என்ற குறையும் இருந்தது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நம் வட்டாரத்துப் படம், நம் வட்டாரத்து மனிதர்களே நடித்த படம். ஏலக்காய் மலைக்கும் அடிவாரத்துக்கும் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்க நினைத்து, கடைசியில் அந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவல்காரனாகிறான். தமிழில் உழைப்பை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த படம் குறைவு என்பது என் கட்சி. சங்கத்தையும் அதன் துரோகத்தையும் சேர்த்தே காட்டிய துணிச்சலும் அதற்கு உண்டு. மாமா ஒப்புக்கொண்டார். “நல்ல படம். ஒரு பொய்யில்ல. மூட்டை பள்ளத்துல உருண்டப்ப எனக்கு வயிறு கலங்கிருச்சு. ரெண்டாந்தடவ பாக்க மாட்டேன்.”

“ஏன் மாமா?”

“நான் செமந்தத நானே காசு குடுத்து எதுக்குப் பாக்கணும்? அது நீங்க பாக்கணும்.”

அப்படியானால் அவர் ஐந்து தடவை பார்த்த படம் எது? ‘மைனா’ (2010). பிரபு சாலமன் குரங்கணிப் பக்கம் எடுத்தது. அதை நான் இதே மாதிரிப் பத்திரிகை ஒன்றில் நார்நாராகக் கிழித்திருந்தேன். காதலியின் தாயை அடித்து, படிக்க வைத்தேன் என்ற உரிமையில் ஒரு பெண்ணைச் சொத்தாகப் பார்க்கும் நாயகன், முடிவில் செயற்கையான ரத்தக் களரி. மாமா மறுக்கவில்லை. “அதெல்லாம் தப்புத்தேன். ஆனா நீ நடைய பாக்கல மாப்ள. கைதியப் புடிச்சிட்டுப் போறாய்ங்கல்ல, ரெண்டு போலீசு. கீழ அவென் ராஜா. மேட்டுல ஏறுனதும் போலீசுக்கு மூச்சு வாங்குது. நம்ம பயலுக்கு வாங்கல. வெலங்கு போட்டிருக்கு, ஆனா வழி அவனுக்குத்தேன் தெரியுது. பஸ்சு தொங்குறப்ப யாரு யாரத் தூக்குறா?”

நான் கதையைப் படித்தேன். அவர் சரிவைப் படித்தார். மலையில் அதிகாரம் எந்த இடத்தில் திணறுகிறது என்பதை உடம்பால் தெரிந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் போதும், சவுக்கு பிடுங்கிய ஒரு மணி நேரம் மாதிரி. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் 17 பேர் செத்ததைச் சொல்லி, “அதையும் எடுக்கணும்ல, அது சமதளத்துல நடந்துச்சு. அங்க நமக்குத்தேன் மூச்சு வாங்குச்சு” என்றார். அதற்கு மேல் அதைப் பேச அவருக்கு இஷ்டமில்லை.

இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர். நீங்க எந்தப் படம் அத்தே என்றேன். “இவுக அஞ்சு தடவ பாத்தப்பவும் நான் சோறு வடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்” என்றார். மாமா சத்தம் போட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

நாலாம் நாள் பஸ் வந்தது. கிளம்பும்போது மாமா ஒரு பென்டிரைவைக் கொடுத்து ‘மைனா’வைப் போட்டுத் தரச் சொன்னார். கடைசி அரை மணி நேரத்தை வெட்டிவிட்டு, பஸ் தொங்குகிற இடத்தோடு நிறுத்தித் தர வேண்டுமாம். அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “எதாச்சும் சின்னப் படமா போடு, சோறு வேகுறதுக்குள்ள முடியணும்” என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.