ஹெல் நரகமன்று

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகள், 2017இல் வெளிவந்த 'தோர்' திரைப்படத்தின் வழியே ஹெலா என்னும் சாவரசியை அறிவர். அப்படம் அவளை ஓடின் என்னும் தேவனின் மகளாக்கிவிட்டது. வடநாட்டுத் தொன்மங்களிலோ அவள் லோகியின் மகள், பெயர் ஹெல். அவள் ஆளும் நாட்டிற்கும் அதுவே பெயர். ஆங்கிலச் சொல்லின் ஒலியுறவால் இதனை 'நரகம்' என்று பெயர்த்துவிடத் தோன்றும். அது பிழை என்பது நம் துணிபு.

ஐஸ்லாந்துப் புலவர் ஸ்னோரி ஸ்டூர்லுசன் (மறைவு 1241) எழுதிய 'எட்டா'வின்படி, களத்தில் வீழ்ந்தோர் ஓடினின் வல்ஹல்லா மண்டபம் புகுவர். நோயாலும் மூப்பாலும் மாண்டோர் ஹெல்லிடம் செல்வர். அவளது உணவுத்தட்டின் பெயர் பசி. கத்தியின் பெயர் பஞ்சம். அது தண்டனைக்கூடமாயின், குற்றமற்றவனும் ஓடினின் அருமை மகனுமான பால்டர் அங்கே சென்றதேன்? தீயோர் ஹெல்லுக்குச் செல்வர் என்றும் ஸ்னோரி ஓரிடத்தில் எழுதியிருப்பது உண்மையே. ஆனால் அவர் கிறிஸ்தவர். அவர் நாடு ஏறத்தாழ 1000ஆம் ஆண்டிலேயே அம்மதத்தை ஏற்றுவிட்டது. அச்சாயல் அவ்வரியில் படிந்திருக்கலாம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அவரது 'இங்லிங்கர்' வரலாற்றில், படுக்கையில் சாகும் தறுவாயில் ஓடின் ஈட்டிமுனையால் தன்னுடலில் வடு இடுவித்துக்கொள்கிறான். இதற்கு இணை நம் புறநானூற்றிலேயே உண்டு! நோயால் இறந்த மன்னரைத் தருப்பைமீது கிடத்தி, வீரர் செல்லும் உலகு செல்க என வாளால் பிளக்கும் வழக்கத்தை 93ஆம் பாட்டில் ஔவையார் குறிக்கிறார். இறந்த குழந்தையும், உருப்பெறாத தசைப்பிண்டமாய்ப் பிறந்ததுங்கூட வாளுக்குத் தப்பவில்லை என்பது சேரமான் கணைக்கால் இரும்பொறையின் 74ஆம் பாட்டால் விளங்கும்.

இவற்றை மறமாண்பு என்று போற்றிக் கடந்துவிடுதல் எளிது. நாம் அவற்றில் அச்சத்தைக் காண்கிறோம். பேறுகாலத்தில் மாண்ட தாய்க்கு வாளேது, வடுவேது? கொள்ளைநோயில் இறந்தோரையும் மகப்பேற்றில் உயிர்நீத்தோரையும் ஷஹீதுகளோடு வைத்தெண்ணும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2020இல், உற்றார் சூழ வழியின்றி அடக்கப்பட்ட ஜனாஸாக்களைப் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் எவரும் இன்னும் மறக்கவில்லை. வல்ஹல்லாவின் விருந்தைப் படிக்கையில் நம் மனம் ஹெல்லின் வாயிலில் நிற்கும் கூட்டத்திடமே போகிறது.

அவ்வுலகுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? தென்புலம் என்னும் பழஞ்சொல் ஒவ்வாது. ஹெல்லுக்குப் போகும் வழி வடக்கே, கீழ்நோக்கி இறங்குகிறதாம்! 'இறந்தோர் உலகு' என்றே எழுதலாம்.