படகுக்குப் பின்னால் கண் வரைவது

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எந்தப் பொருளும் தன் முழு உருவத்தோடு கண்ணில் படுவது அரிது. நெருக்கிக் கட்டிய ஃபைபர் படகுகளில் ஒன்று இன்னொன்றை மறைக்கும். காயப்போட்ட வலை படகின் பாதியை மூடிக் கிடக்கும். சுத்துவலைக் கம்புகளுக்கு முன்னால் கூழைக்கடா வந்து நிற்கும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் கழி ஊன்றிப் படகு தள்ளுவார்கள்; அந்தக் கழியின் கீழ்ப்பாதி கலங்கல் நீரில் காணாமல் போகும். ஆனாலும் அறுந்த படகையோ பாதிக் கழியையோ யாரும் பார்ப்பதில்லை. மறைந்த பகுதியைக் கண் தானே நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பகுதியின் நிறம் தெரியாது, ஒளி தெரியாது. அது இருப்பது மட்டும் தெரியும். பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோத் 1960களில் இந்த விநோதத்தைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்.

இதை 'மூளையின் ஊகம்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊகம் என்றால் நாம் அறிந்தது அதைத் திருத்த வேண்டும். இங்கே திருத்துவதில்லை. இத்தாலிய ஆய்வாளர் கயேதானோ கனீசா, ஒரு குதிரையின் முன்பகுதியையும் மற்றொன்றின் பின்பகுதியையும் ஒரு மறைப்பின் இருபுறமும் நீட்டி வரைந்து காட்டினார். பார்ப்பவருக்குத் தெரிவது உலகில் எங்கும் இல்லாத நீளக் குதிரை. பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்துக் கரையிலும் இதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஒரே நிறம் பூசிய இரண்டு படகுகள் ஒரே கோட்டில் நின்று, நடுவில் ஒரு வலைக்குவியல் மறைத்தால், இடப்பக்கத்து முகப்பும் வலப்பக்கத்துப் பின்முனையும் சேர்ந்து ஒரே நெடும்படகாகும். அந்த நீளத்தில் எந்தக் குப்பத்திலும் படகு இல்லை என்பது படகு கட்டுபவருக்குத் தெரியும். அவர் கண்ணுக்கும் அது நெடும்படகுதான்.

காரணம், கண் கேட்பது விளிம்புகளை. மறைப்புக்குள் நுழையும் விளிம்பும் மறுபுறம் வெளிவரும் விளிம்பும் செங்கோணத்துக்கு மேல் திரும்பாமல் இழைந்து சேரக்கூடுமானால் அவை ஒன்று என்பது 1991இல் பிலிப் கெல்மனும் தாமஸ் ஷிப்லியும் வகுத்த விதி. பொருள் என்ன, யாருடையது என்பதெல்லாம் பிறகுதான். இந்த முறையின் பலமும் பழுதும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

பலத்தை முதலில் பார்ப்போம். அறிவுக்காகக் காத்திருக்காததால் வேலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடிக்குள் முடிகிறது. மறைப்பதையும் கண் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படகில் எழுதிய பெயரின் மேல் வலை தொங்கினால் எழுத்துகளை எளிதாகக் கூட்டிப் படித்துவிடலாம். அதே இடங்களில் சாயம் உரிந்து போயிருந்தால் திணறுவோம். மிச்சமிருக்கும் கோடுகள் இரண்டிலும் ஒன்றே. மறைப்பு கண்ணுக்குத் தெரிவதுதான் வேறுபாடு. ஆல்பர்ட் பிரெக்மன் 1981இல் மை கொட்டிய எழுத்துத் துண்டுகளைக் கொண்டு இதை விளக்கினார்.

இந்தத் திறனுக்கு அடியில் அசைவு இருக்கிறது. கட்டைக்குப் பின்னால் ஒரு கோல் ஆடும்போது அதன் இரு முனைகளும் ஒன்றாக அசைந்தால், நான்கு மாதக் குழந்தை அதை ஒரே கோலாகக் கொள்கிறது. கோல் அசையாமல் நின்றால் அப்படிக் கொள்வதில்லை. இது கெல்மனும் எலிசபெத் ஸ்பெல்கியும் 1983இல் கண்டது. நம் நாட்டிலேயே இதற்கு இணையான, மனதைத் தொடும் சான்று உண்டு. பிறவிப் பார்வையின்மை நீங்கிப் பிந்திய வயதில் பார்வை பெற்றவர்களை பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டம் ஆராய்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த உருவங்களை அவர்கள் தனித்தனித் துண்டுகளாகவே எண்ணினார்கள். உருவங்கள் நகரத் தொடங்கியதும் துண்டுகள் சேர்ந்தன. 2009இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகு, நமக்கு எப்போதும் முழுசாகத் தெரியும் உலகத்தை இயல்பான ஒன்றாக நினைக்க முடியவில்லை.

பழுது ஆழமானது. நிரப்புதல் பொருளுக்கு மட்டும் நடப்பதில்லை, பொருளின் பின்னணிக்கும் நடக்கிறது. அலைக்குப் பின்னால் கடல் தொடர்கிறது என்று கண் உறுதியாகச் சொல்லும். அந்த உறுதியில் 'அங்கே வேறொன்றும் இல்லை' என்பதும் ஒளிந்து வரும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இது ஆபத்து. எதிரே வரும் சிறுபடகின் ஒரு நுனி தெரிந்தாலும் கண் முழுப்படகையும் வரைந்துவிடும். படகு அலைப்பள்ளத்தில் முழுக்க இறங்கிவிட்டால் அந்த இடத்தில் வெறும் நீரைத்தான் வரையும். பூநாரைக் கூட்டத்தை எண்ணும்போதும் இதே கதைதான். அரைகுறையாகத் தெரியும் பறவை முழுப்பறவையாகக் கணக்கில் ஏறும், முற்றிலும் மறைந்தது ஏறாது. பிழை எப்போதும் குறைவின் பக்கம் சாயும். தெரிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. வெப்யோர்ன் எக்ரோல் குழு 2016இல் பாதிப் பந்து ஓட்டை விரல் நுனியில் கவிழ்த்து மேலிருந்து பார்க்கச் செய்தது. பின்பக்கம் வெறும் குழி என்று தெரிந்தும் அது முழுப்பந்தாகவே தோன்றியது. அதற்கு இடம்விட்டதுபோல் தன் விரல் குட்டையானதாகவும் பார்ப்பவர் உணர்ந்தார்.

மீனவரின் கண்கூர்மையைப் புகழ்பவர்கள் இரண்டைக் குழப்புகிறார்கள். நீரின் நிறத்தையும் சலனத்தையும் பார்த்து மீன் கிடக்கும் இடம் சொல்வதும், இன்று பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை, யாருக்கு என்ற கணக்கை வைத்துத் தூரத்துப் படகு யாருடையது என்று சொல்வதும் கற்றுச் சேர்த்த அறிவு. கேள்வி கேட்டால் அது திருந்தும். கண் நிரப்புவது திருந்தாது. அதை மடக்க அசைவு ஒன்றுதான் வழி: தலையை நகர்த்துவது, இடம் மாறி நிற்பது, அலை இறங்கும்வரை பொறுப்பது. நெடும்படகு அப்போது இரண்டாகப் பிரியும். கடலுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு, உயிர்காப்பு உடை அணியச் சொல்லித்தரும் அதே நாளில் இதையும் சொல்லித்தர வேண்டும். முகத்துவாரத்தை நெருங்கும்போது ஒரே பார்வையில் 'காலி' என்று தீர்க்காமல், தன் படகு அலையின் உச்சிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தை மறுபடி பார்க்கச் சொல்லித்தர வேண்டும்.